ஒலிக்காத பூச்சு

மின்சாரக் கிதாரில் ஒலி போகும் பாதை மிகக் குறுகியது. எஃகுத் தந்தி அதிர்கிறது. அதற்குக் கீழே, காந்தத்தின் மேல் ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றிய மெல்லிய செம்புக் கம்பி அந்த அதிர்வை மின்னோட்டமாக மாற்றுகிறது. கேபிள் வழியே அது ஆம்ப்ளிஃபயருக்குப் போய்விடுகிறது. உடலின் மேல் பூசிய பெயின்ட்டுக்கு இந்தப் பாதையில் இடமே இல்லை. வயலினில் அப்படியல்ல. அங்கே பலகையே பாடுகிறது. அதன் மேல் எதையாவது கனமாகப் பூசினால் குரல் கம்மிவிடும். திடமான பலகையில் செய்த மின்கிதார் சிவப்பு பூசினாலும் கறுப்பு பூசினாலும் ஒரே குரலில்தான் ஒலிக்கும். ஆனாலும், மற்ற வாத்தியக்காரர்கள் அரிதாகவே செய்யும் ஒரு காரியத்தை மின்கிதார்க்காரர்கள் அரை நூற்றாண்டுக்கும் மேலாகச் செய்துவருகிறார்கள். காசு கொடுத்து வாங்கிய வாத்தியத்தைக் கழற்றிப் போட்டு, அதன் நிறத்தைச் சுரண்டி எடுத்து, வீட்டின் பின்கட்டிலோ கார் ஷெட்டிலோ தொங்கவிட்டு, தங்கள் கையால் வேறு நிறம் பூசுகிறார்கள். ஒலிக்கு எதையும் சேர்க்காத இந்த உழைப்பை எதற்காக மேற்கொள்கிறார்கள் என்று நான் வெகுகாலமாக யோசித்துவருகிறேன்.

இந்த வாத்தியத்துக்கு நிறம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் ஓரளவு புரியும். தெற்குக் கலிஃபோர்னியாவில் ஃபுல்லர்டன் என்ற ஊரில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர் லியோ ஃபெண்டர். அவருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது. பலகையை அறுத்து, குடைந்து, கழுத்தைத் திருகாணியால் முடுக்கி, உதிரிபாகங்களை ஒன்றுசேர்த்து முடிக்கும் ஒரு பொருளாகவே அவர் கிதாரைக் கண்டார். பிற்பாடு டெலிகாஸ்டர் என்று பெயர் பெற்ற கிதார் 1950-இல் வந்தது, ஸ்ட்ராட்டோகாஸ்டர் 1954-இல். இந்தக் கிதார்களின் நிறம் கார் உலகத்திலிருந்து வந்தது. டூபான்ட் நிறுவனம் கார்களுக்காகச் செய்த டூகோ, லூசைட் பெயின்ட்டுகளை வாங்கி அடித்தார்கள். ஃபியஸ்டா ரெட் ஃபோர்டின் தண்டர்பேர்ட் காரில் இருந்த நிறம். சானிக் புளூவும் லேக் பிளாசிட் புளூவும் காடிலாக்கினுடையவை. சர்ஃப் கிரீன் ஷெவர்லேயிலிருந்து வந்தது. நடுவில் வெளிறி ஓரத்தில் கருக்கும் வழக்கமான சன்பர்ஸ்ட் வேண்டாம், இவற்றில் ஒன்று வேண்டும் என்றவர் ஐந்து சதவீதம் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருந்தது. 1959-இல் இங்கிலாந்தின் பாடகர் கிளிஃப் ரிச்சர்ட் தன் கிதார் கலைஞர் ஹேங்க் மார்வினுக்காக அமெரிக்காவிலிருந்து சிவப்பு ஸ்ட்ராட் ஒன்றை வரவழைத்தார். ஒரு தலைமுறை ஆங்கிலேயச் சிறுவர்கள் கனவு கண்டது அந்தச் சிவப்பைத்தான்.

டூகோவின் பூர்வீகம் இன்னும் பழையது. 1846-இல் பாஸல் நகரில் கிறிஸ்டியன் ஷான்பைன் என்ற வேதியியலாளர், நைட்ரிக் அமிலமும் கந்தக அமிலமும் கலந்த கலவையில் பஞ்சை நனைத்து வெடிபொருளாக்கினார். நைட்ரோசெல்லுலோஸ் என்ற அந்தப் பொருளிலிருந்து துப்பாக்கி மருந்து வந்தது; பிறகு ஆரம்பகால சினிமாச் சுருள் வந்தது; முதல் உலகப்போர் முடிந்ததும் பெயின்ட்டும் வந்தது. 1923-இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் ஓக்லாண்ட் கார்களுக்கு நீல டூகோவை அடித்தபோது, வாரக்கணக்கில் காயவைத்துக்கொண்டிருந்த கார் வேலை மணிக்கணக்கானது. நம் ஊர்த் தச்சுப் பட்டறைகளிலும் கார் பட்டறைகளிலும் இன்றும் ‘டூகோ அடிக்கணும்’ என்று சொன்னால் எல்லோருக்கும் புரிகிறது.

வீட்டில் பூசுகிறவருக்கு இந்த நைட்ரோ லாக்கரின் ஒரு குணம் மிக முக்கியமானது. அது வேதிமாற்றம் அடைந்து இறுகுவதில்லை. தின்னர் ஆவியாகப் போய்விட, கரைந்திருந்தது படலமாகத் தங்குகிறது, அவ்வளவுதான். எத்தனை வருடம் கழித்து அதன் மேல் தின்னர் பட்டாலும் மறுபடி கரையும். ஆகவே இரண்டாவது கோட்டு முதல் கோட்டின் மேல் உட்காருவதில்லை. அதைச் சற்றே கரைத்து அதற்குள் போய்விடுகிறது. பத்து கோட்டு அடித்தாலும் கடைசியில் இருப்பது ஒரே படலம். எங்கேயாவது சிராய்ப்பு விழுந்தால் அந்த இடத்தில் மட்டும் ஒரு துளி விட்டுச் சரிசெய்யலாம். புதிது பழையதோடு கலந்துகொள்ளும். 1960-களின் பிற்பகுதியிலிருந்து தொழிற்சாலைகள் போன திசை வேறு. பாலியெஸ்டரும் பாலியூரித்தேனும் கடினப்படுத்தியோடு வினைபுரிந்து வலைபோலப் பின்னி இறுகுகின்றன. இறுகியபின் எதற்கும் கரையாது. நகம் படாது, வியர்வை படாது, வருடக்கணக்கில் அதே பளபளப்பு. விற்பவருக்கு இது வசதி. உரிமையாளரின் கை அதில் எதையும் பதிக்க முடியாது என்பதுதான் எனக்கு அதில் உள்ள மனத்தாங்கல்.

வீட்டில் செய்பவர் முதலில் தொடுவது திருகாணிகளை. தந்திகளைத் தளர்த்தி எடுத்து, கழுத்தைப் பிடித்திருக்கும் நான்கு திருகாணிகளைக் கழற்றி, எந்த ஒயர் எங்கே போகிறது என்று குறித்துவைத்து, பிக்கப் எனப்படும் காந்தச் சுருள்களையும் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது இரண்டு கிலோ சுமாருக்கு ஒரு மரத்துண்டு. மேடையில் அத்தனை பிரமிப்பை உண்டாக்கிய பொருள் அது என்று நம்ப முடியாது. பிறகு உரிப்பது. பழைய நைட்ரோ என்றால் தின்னரில் நனைத்த துணிக்கே வழிவிடும். இன்றைய தொழிற்சாலைப் பூச்சுக்கு ஹீட் கன் வேண்டும். ஒரே இடத்தில் காட்டினால் மரம் கருகும். நகர்த்திக்கொண்டே இருந்தால் பூச்சு குமிழிட்டுத் தளரும், அப்போது மழுங்கிய பட்டித் தகட்டை நுழைத்து நெம்பினால் ஓடு ஓடாகப் பெயரும். அந்த ஓட்டின் கனத்தைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், தன் கிதார் இதுவரை எவ்வளவு தடித்த பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது என்று.

உரிக்கும்போது எதிர்பாராத நிறங்கள் வெளிப்படும். அந்தக்கால ஃபெண்டர் தொழிற்சாலையில் ஒரு நிறத்துக்கு ஆர்டர் வந்தால், ஏற்கெனவே சன்பர்ஸ்ட் அடித்து வைத்திருந்த உடல்மீதே அந்த நிறத்தை அடித்து அனுப்பியதும் உண்டு. பிங்க் ஃபிளாய்டு குழுவின் கிதார் கலைஞர் டேவிட் கில்மர் 1970-இல் நியூயார்க்கின் மேனீஸ் கடையில் வாங்கிய கறுப்பு ஸ்ட்ராட்டின் கறுப்புக்கு அடியில் சன்பர்ஸ்ட் இருக்கிறது. கறுப்பை அந்தக் கடையிலேயே அடித்திருந்தார்கள். அந்தக் குழுவின் மிகப் புகழ்பெற்ற இசைத்தட்டுகளில் கேட்கும் அந்தக் கிதார் 2019-இல் ஏலத்தில் முப்பத்தொன்பது லட்சம் டாலரைத் தாண்டி விலைபோனது. பாடகர் நீல் யங் 1960-களின் இறுதியிலிருந்து வைத்திருக்கும் ‘ஓல்ட் பிளாக்’ உண்மையில் கிப்சன் நிறுவனத்தின் 1953-ஆம் வருடத்து லெஸ் பால் கிதார். தங்க நிறத்தில் வெளிவந்தது. அவருக்கு முன்னால் வைத்திருந்த யாரோ ஒருவர் அதன்மேல் கறுப்பைப் பூசிவிட்டார். நேர்த்தியான வேலை என்று அதைச் சொல்ல முடியாது. நீல் யங் அதை மாற்றவில்லை. பெயர் தெரியாத ஒருவரின் விருப்பம் ஒரு பெரிய கலைஞனின் மார்பில் ஐம்பது வருடத்துக்கும் மேலாகத் தொங்குகிறது. தன் கையில் இருக்கும் சாதாரணக் கிதாரை உரிக்கிறவரும் இப்படி ஒரு தொடர்ச்சிக்குள்தான் நுழைகிறார். அடியில் தெரியும் நிறம் இன்னொருவர் எடுத்த முடிவு. அதை முழுக்க நீக்குவதா, எங்கேயாவது ஒரு குழிக்குள் மிச்சம் வைப்பதா என்று அவர் யோசிக்க வேண்டியிருக்கிறது.

சிலசமயம் பழைய நிறம் தானே மிச்சம் நின்றுவிடும். சிவப்புச் சாயங்கள் குறிப்பாகப் பிடிவாதமானவை. மரத்துளைகளில் தங்கிய சிவப்பு, மேலே அடித்த வெள்ளையின் தின்னரில் கரைந்து மேலேறி, ஓரிரு நாளில் வெள்ளையை இளஞ்சிவப்பாக்கிவிடும். இதற்குத் தடுப்பாக அனுபவசாலிகள் இடையில் அடிப்பது அரக்கு. ஜார்க்கண்ட் காடுகளில் பலாச மரக்கிளைகளில் சிறு பூச்சிகள் சுரக்கும் பிசின்தான் அது. ஸ்பிரிட்டில் கரைத்துத் தேய்த்தால் எதன்மேலும் ஒட்டும், அதன்மேல் எதுவும் ஒட்டும். பெரும்பாலும் நம் நாட்டிலிருந்து போகும் இந்தப் பொருள், அமெரிக்கக் கார் நிறத்துக்கும் அடியிலிருக்கும் மரத்துக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது.

பிறகு வருவதுதான் முழு வேலையும். உப்புத்தாள். எண்பதில் தொடங்கி நூற்றிருபது, இருநூற்றிருபது, முந்நூற்றிருபது என்று ஒவ்வொரு தாளும் முந்தைய தாளின் கீறல்களை அழித்துத் தன் கீறல்களை விட்டுப்போகிறது. மரரேகையின் போக்கிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே ஒரு முறை இழுத்தால் அந்தக் கோடு இப்போது தெரியாது. பளபளப்பு ஏறியபின் வெளிச்சத்தில் எழுந்து நிற்கும். ஆஷ், மஹாகனி மரங்களுக்குத் துளைகள் பெரியவை, பட்டி அடைத்துத் தேய்க்காவிட்டால் எத்தனை கோட்டு அடித்தாலும் உள்வாங்கிக்கொண்டே போகும். ஆல்டர் அவ்வளவு படுத்தாது. அதன்மேல் சீலர், அதன்மேல் நிறம், அதன்மேல் கிளியர். ஒவ்வொன்றுக்கும் இடையில் மறுபடி தேய்ப்பது. அடிப்பதற்கு ஆகும் நேரம் நிமிடக்கணக்கு, தேய்ப்பதற்கு நாள்கணக்கு. இந்த விகிதம் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரிவதில்லை. வண்ணம் பூசுவது என்றால் எதையோ சேர்ப்பது என்றுதான் நாம் நினைக்கிறோம். செய்து பார்க்கும்போது ஏறக்குறைய முழுவதும் எடுப்பதாகவே இருக்கிறது. கடைசியில் வாட்டர் பேப்பரில் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு, இரண்டாயிரம் என்று போய் ரப்பிங் காம்பவுண்ட் போட்டுத் தேய்க்கும்போது எழும் பளபளப்பும் தனிப்பொருள் அல்ல. கீறல்கள் கண்ணுக்கு எட்டாத அளவுக்குச் சிறுத்துவிட்டன, அவ்வளவே. அத்தனை தேய்ப்பும் அந்தப் பரப்பில் இன்னும் இருக்கிறது.

விளிம்புகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஈரமான பெயின்ட் கூர்மையான விளிம்பிலிருந்து விலகி ஓடும் இயல்புடையது. அங்கே படலம் மெலிந்தே நிற்கும். கையோ தட்டையான பரப்பைவிட விளிம்பில்தான் அதிகமாக அழுத்தும். இரண்டும் சேர்ந்து, நிறத்தைத் தாண்டி மரம் வெளியே தெரிந்துவிடும். அதனால் தேர்ந்தவர்கள் விளிம்பைக் கடைசிவரை தொடமாட்டார்கள். தொட்டாலும் விரல்நுனியால் இரண்டே இழுப்பு. கிதாரின் இரு கொம்புகளுக்கும் உள்வளைவுகளிலும் இதே எச்சரிக்கை. இந்த இடங்களைப் பார்த்தே செய்தவரின் பொறுமையைச் சொல்லிவிடலாம்.

காத்திருப்பதும் வேலையின் பகுதிதான். நைட்ரோவின் தின்னர் மேல்பரப்பிலிருந்து சீக்கிரம் போய்விடும், அடியிலிருந்து மெல்லத்தான் வெளியேறும். தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும். விரலால் அழுத்தினால் ரேகை பதியும். மூன்று நான்கு வாரமாவது தொங்கவிட வேண்டும். மூக்கைக் கிட்டே கொண்டுபோனால் வாசனை இல்லை என்ற நிலை வரும்வரை மெருகிடக் கூடாது. இட்டால் படலம் பின்னால் சுருங்கி மரரேகை மேலே எழும். காற்றில் ஈரம் மிகுந்த நாளில் அடித்தால் தின்னர் ஆவியாகும் வேகத்தில் பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன்மேல் படிந்து, படலம் பால்போல் வெளுக்கும். ஐப்பசி கார்த்திகையில் சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ இந்த வேலையைத் தொடங்குகிறவர் மழை நின்ற நாளைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், அல்லது மெதுவாக ஆவியாகும் தின்னரைக் கொஞ்சம் கலந்துகொள்ள வேண்டும். எப்போதோ தடவிய சிலிக்கான் பாலிஷின் எண்ணெய் ஒரு புள்ளியளவு மிஞ்சியிருந்தாலும் பெயின்ட் அங்கிருந்து விலகி வட்டமாகக் குழிவிழும். மரமும் வானிலையும் பழைய பராமரிப்பும் எல்லாம் வந்து சாட்சி சொல்லும் இடம் அந்தப் பரப்பு.

ஒன்றை மட்டும் வலியுறுத்திச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது உடல் சார்ந்தது. இரண்டு பாகமாக வரும் பாலியூரித்தேனின் கடினப்படுத்தியில் ஐசோசயனேட் இருக்கிறது. அதன் துளிப்படலத்தைச் சுவாசித்தவருக்கு ஆஸ்துமா வரலாம். ஒருமுறை உடல் அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால் பிறகு மிகச் சிறிய அளவும் தாங்காது. துணியைக் கட்டிக்கொண்டு அடிப்பது பாதுகாப்பே அல்ல. நைட்ரோவுக்கும் கரிம ஆவியைத் தடுக்கும் முகக்கவசம் வேண்டும், திறந்த வெளி வேண்டும், அருகில் அடுப்போ பொறியோ கூடாது. அது துப்பாக்கி மருந்தின் உறவு. நம் ஊர்ப் பட்டறைகளில் வாயில் கைக்குட்டையோடு கார் அடித்துக்கொண்டிருக்கும் தொழிலாளிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

தங்கள் கிதாருக்குத் தாங்களே நிறம் பூசிய கதைகளில் 1967-ஆம் வருடம் செழிப்பானது. பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசனிடம் 1961-இல் செய்யப்பட்ட சானிக் புளூ ஸ்ட்ராட் இருந்தது. ஒளிரும் டே-குளோ பெயின்ட்டுகளை எடுத்து அதன்மேல் பட்டை பட்டையாக ஆரஞ்சும் பச்சையும் மஞ்சளுமாகத் தீட்டினார்; தலைப்பகுதிக்கு மனைவி பேட்டி பாய்டின் மினுக்கும் பச்சை நகப்பூச்சு. அந்த வருடம் ஜூன் 25 அன்று செயற்கைக்கோள் வழியாகப் பல நாடுகளுக்குப் போன ‘அவர் வேர்ல்ட்’ நேரடி ஒளிபரப்பில் அவர் கையில் இருந்தது அதுதான். அன்றைக்குப் பெரும்பாலோர் வீட்டில் இருந்தவை கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிப் பெட்டிகள். அத்தனை நிறமும் சாம்பலாகத்தான் போய்ச் சேர்ந்திருக்கும். அவருக்கு அது பொருட்டாக இருந்ததாகத் தெரியவில்லை. பின்னாளில் ராக்கி என்று பெயர் பெற்ற அந்தக் கிதாரைக் கடைசிவரை அவர் தன்னிடமே வைத்திருந்தார். அந்த ஒளிபரப்புக்கு ஒரு வாரம் முன்பு ஜூன் 18 அன்று மான்டரே இசை விழாவில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் எரித்த ஸ்ட்ராட்டும் அவரே பூக்கொடிகள் வரைந்தது. மேடையில் அழிப்பதற்காக ஒன்றை உட்கார்ந்து அழகாக வரைவதை வெறும் கவர்ச்சி வேலை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. பூசி முடித்த பொருளைத்தான் ஒருவர் படையலாக வைக்க முடியும்.

மறுவருடமே எதிர்த்திசையில் ஓர் அலை. ரிஷிகேஷத்தில் மகேஷ் யோகியின் ஆசிரமத்தில் பீட்டில்ஸோடு தங்கியிருந்த பாடகர் டோனவன், பூச்சை எடுத்துவிட்டால் கிதார் நன்றாக ஒலிக்கும் என்று சொன்னாராம். ஊர் திரும்பியதும் ஜான் லெனன் தன் எபிஃபோன் காசினோவின் சன்பர்ஸ்ட்டைத் தேய்த்தெடுத்து வெறும் மரமாக்கினார். 1969 ஜனவரி 30 அன்று லண்டன் மொட்டைமாடிக் கச்சேரியில் அவர் வாசித்தது அந்த வெளிர்மரக் கிதார். மரம் மூச்சுவிடும் என்பது அப்போதிலிருந்து இந்த உலகில் ஒரு வேதவாக்கு. வெட்டிய மரம் மூச்சுவிடுவதில்லை. ஈரத்தை வாங்கிக் கொடுக்கும், அது வேறு. காசினோ உள்ளே கூடான கிதார், அதன் மெல்லிய ஒட்டுப்பலகை நன்றாகவே அதிரும், அங்கே பூச்சு குறைந்தால் கொஞ்சம் வேறுபாடு இருந்திருக்கலாம். திடப்பலகையில் அதைக் காதால் பிரித்தறிய முடியும் என்று நான் நம்பவில்லை. ஆனால் பூச்சை எடுத்தவர்கள் மாற்றத்தை உணர்ந்ததாகச் சொன்னதை நான் முழுமையாக நம்புகிறேன். கைமணிக்கட்டு தொடுவது இப்போது மரம். நாள்கணக்கில் தானே தேய்த்து அறிந்த வளைவு. அப்படி அறிந்த ஒன்றை வாசிக்கும் கை வேறு மாதிரிதான் வாசிக்கும். கழுத்தின் பின்புறத்தைப் பொறுத்தவரை இது ஊகமே இல்லை: கட்டைவிரல் வழுக்கிப்போகும் இடத்தில் தடித்த பளபளப்பு வியர்வையில் ஒட்டும், நைசான எஃகுநாரால் தேய்த்து மங்கலாக்கினால் ஒட்டாது.

வீட்டுப் பூச்சின் உச்சம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் எடி வான் ஹேலனைத்தான் சொல்வேன். ஃபெண்டரின் உருவமும் கிப்சனின் தடித்த குரலும் ஒரே கிதாரில் வேண்டும் என்று நினைத்த இளைஞர். அப்படி ஒன்று கடையில் இல்லை. தரக்குறைவென்று ஒதுக்கப்பட்ட ஆஷ் மர உடல் ஒன்றை ஐம்பது டாலருக்கும் மேப்பிள் கழுத்தை எண்பது டாலருக்கும் வாங்கினார். கிப்சன் ஒன்றிலிருந்து பிக்கப்பைக் கழற்றி, கூச்சலிடாமல் இருக்க உருக்கிய பாரஃபின் மெழுகில் முக்கியெடுத்து, உடலில் குழியைத் தானே பெரிதாக்கிப் பொருத்தினார். பிறகு கறுப்பு அடித்தார். அதன்மேல் மாஸ்கிங் டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி வெள்ளை அடித்து, டேப்பை உரித்தார். வெள்ளைப் பரப்பில் கறுப்புக் கோடுகள். 1978-இல் வந்த அவருடைய குழுவின் முதல் இசைத்தட்டின் உறையில் இருப்பது இந்தக் கோலம். உடனே பிரதிகள் கிளம்பின. 1979-இல் மறுபடி டேப் ஒட்டி, ஷ்வின் சைக்கிளுக்கு அடிக்கும் சிவப்பை மேலே அடித்தார். இப்போது சிவப்பில் வெள்ளையும் கறுப்பும். பிரிட்ஜின் அடியில் 1971-ஆம் வருடத்து கால் டாலர் நாணயம் ஒன்றை வைத்துத் திருகினார்.

அந்தப் படங்களைப் பார்க்கும்போது என் கண் கோடுகளின் ஓரங்களுக்குத்தான் போகிறது. டேப்பின் அடியில் பெயின்ட் கசிந்த இடங்கள், விளிம்பில் பிய்ந்த இடங்கள், ஒரு கோடு வளைவில் ஏறமுடியாமல் சுருங்கிய இடம். தொழிற்சாலையில் இவை கழிக்கப்படும் குறைகள். இங்கே ஒவ்வொன்றும் டேப்பை எந்தப் பக்கமிருந்து உரித்தார் என்பதைக்கூடச் சொல்கிறது. ஒலிக்காத ஒரு பூச்சு ஏன் வேண்டும் என்ற கேள்விக்கு எனக்குக் கிடைத்த விடையும் இந்தக் கிதாரில்தான் இருக்கிறது. கடையில் இல்லாத குரலைத் தேடியவருக்குக் கடையில் உள்ள நிறம் எப்படிப் பொருந்தும்? குரலைச் செய்த அதே கை, அதே அவசரத்தோடும் அதே ஆசையோடும் நிறத்தையும் செய்தது. கேட்பவர்கள் இரண்டையும் ஒன்றாகவே அறிந்தார்கள். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2019-இல் ராக் வாத்தியங்களுக்கு நடத்திய கண்காட்சியில் அந்தக் கிதார் வைக்கப்பட்டிருந்தது.

குவீன் குழுவின் பிரையன் மே இதே காரியத்தை நேர்எதிர் மனநிலையில் செய்தவர். 1963-இல், பள்ளி மாணவனாக, தந்தை ஹெரால்டோடு சேர்ந்து பழைய கணப்படுப்பின் மேற்சட்டத்து மஹாகனியில் கழுத்தைச் செதுக்கினார். மரத்தில் பூச்சி அரித்த துளைகளைத் தீக்குச்சிகளால் அடைத்தார். விரற்பலகையின் புள்ளிகள் அம்மாவின் பெட்டியிலிருந்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள். கடைசியாக மரச்சாமான்களுக்கு அடிக்கும் ரஸ்டின்ஸ் பிளாஸ்டிக் கோட்டிங்கைக் கோட்டு கோட்டாகப் பூசித் தேய்த்து மெருகிட்டார். அங்கே அவசரம் இல்லை, பணம்தான் இல்லை. சிவந்த அந்த மரநிறத்தை அவர் இன்றுவரை மாற்றவில்லை.

இப்படி வீட்டில் நடந்ததை எல்லாம் இப்போது தொழிற்சாலைகள் விற்கின்றன. 1995-இல் ஃபெண்டரின் கஸ்டம் ஷாப் புதுக்கிதாரைத் தேய்த்துப் பழசாக்கி ‘ரெலிக்’ என்று விற்கத் தொடங்கியது. 2007-இல் எடியின் கிதாரைக் கசிவும் நாணயமும் தழும்பும் உட்பட அப்படியே பிரதியெடுத்து, முந்நூறு மட்டும் செய்து, இருபத்தைந்தாயிரம் டாலர் விலை வைத்தார்கள். எடி வாங்கியதோ நூற்று முப்பது டாலர் உதிரிபாகம். செய்தவர்களின் கைத்திறன் பெரியது, அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் எனக்கு அவை வேண்டாம். கசிந்த கோடு எடிக்குத் தற்செயல், பிரதியில் அது வேலைப்பட்டியல். தேய்மானத்தை வாங்குகிறவர், தான் வாசிக்க வேண்டிய வருடங்களை இன்னொருவரிடம் கொடுத்துவிடுகிறார்.

தேய்மானத்துக்கு உண்மையான விலை ஐரிஷ் கலைஞர் ரோரி கேலஹரின் கிதாரில் தெரிகிறது. 1963-இல் அயர்லாந்தின் கார்க் நகரில் க்ரௌலி கடையில் நூறு பவுண்டுக்குக் கடனில் வாங்கிய 1961 ஸ்ட்ராட். சன்பர்ஸ்ட். திருட்டுப்போய், மழையில் ஒரு பள்ளத்தில் கிடந்து, திரும்பக் கிடைத்தது. முப்பது வருட வியர்வையில் நைட்ரோ கரைந்து உதிர்ந்து, பிற்காலத்தில் அங்கங்கே திட்டுகளாக மட்டும் நிறம் எஞ்சியிருந்தது. அவர் மறுபூச்சு செய்யவில்லை. 1995-இல் அவர் இறந்தார். 2024-இல் ஏலத்துக்கு வந்த கிதார் வாங்கப்பட்டு அயர்லாந்தின் தேசிய அருங்காட்சியகத்துக்கு வழங்கப்பட்டது. ஒருவர் பூசாமலே செய்த மறுபூச்சு என்று இதை நான் நினைப்பதுண்டு.

சேகரிப்பாளர்களின் சந்தையில் ஒரு விதி உண்டு: பழைய கிதாரின் மூலப்பூச்சை மாற்றினால் விலை ஏறத்தாழ பாதியாகும். அதில் நியாயமும் இருக்கிறது. 1958-க்கும் 1960-க்கும் இடையே வந்த லெஸ் பால்களில் செர்ரிச் சிவப்பு வெயிலில் வெளிறி, எலுமிச்சை முதல் தேன் வரை ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறமாகியிருக்கிறது. அவற்றுக்கு முந்தைய தங்க நிற லெஸ் பால்களில் கை படும் இடத்தில் மேல்பூச்சு தேய, உள்ளிருக்கும் வெண்கலப் பொடி பச்சை பூத்திருக்கிறது. இவற்றை உரிப்பவர் திரும்பக் கிடைக்காத ஒன்றை அழிக்கிறார். ஆகவே என் எண்ணம் இது: கை பழகுவதற்கு எடுக்க வேண்டியது ஆயிரக்கணக்கில் ஒரே அச்சாக வந்த, யாரும் பேணாத மலிவுக் கிதார். கனத்த பாலியெஸ்டருக்குள் இருக்கும் அதன் மரம் பெரும்பாலும் நல்ல மரமாகவே இருக்கும். அதற்கு இழப்பதற்கு எதுவும் இல்லை, பெறுவதற்கு ஒரு ஆள் இருக்கிறார்.

அப்படிச் செய்கிறவர்களுக்கு இன்னொன்று. கழுத்து வந்து உட்காரும் குழிக்குள் பெயின்ட் போகாமல் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். அங்கே கோட்டு ஏறினால் கழுத்து இறுகி, முடுக்கும்போது ஓரத்தில் பூச்சு வெடிக்கும். வெறும் மரமாக நிற்கும் அந்த இடத்தில்தான் ஃபுல்லர்டன் தொழிலாளர்களின் தடயங்கள் கிடைக்கின்றன. கழுத்தின் அடிப்புறத்தில் தேதியும், அதைச் செதுக்கிய டாடியோ கோமஸின் முதலெழுத்துகளும். ஸ்ட்ராட்டின் குழிகளுக்குள் சிறு டேப் துண்டுகளில் மேரி, குளோரியா என்று பெண்களின் பெயர்கள். கிதார் கழற்றப்படும்வரை எவரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தே எழுதியவை. நீங்களும் உங்கள் பெயரையும் வருடத்தையும் அங்கே எழுதுங்கள். பென்சிலில் எழுதுங்கள். பேனா மை தின்னரில் கரைந்து கசியும்.